கூட்டுத்தொகை சரி

ஆடியில் காவல்கிணறு விலக்கில் காற்று ஆளைத் தள்ளும்.
என் கடை வாசலில் தொங்கும் பழைய ஃபேன்பெல்ட்டுகள்
கீழே தொங்காது, பக்கவாட்டில் நிற்கும்.
அப்படியொரு காலையில் அந்த ஜோங்காவைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.
ஸ்டியரிங்கில் தேவநேசன்.
பின்னால் தோள் கொடுத்து மாசானம்.

பட்டாளம் கழித்துவிட்ட வண்டி,
ஏலத்தில் பாதிப் பாதி போட்டு எடுத்தது.
காற்றாலைக்கு ஆயில் பேரலும் ஆளும் ஏற்றுகிற தொழில்.

"சார்ஜ் நிக்க மாட்டேங்கு ரெஜினா.
கார்பன் மாத்தியாச்சு, நாகர்கோயில் கொண்டுபோயி
ஆர்மேச்சர் சுத்தியாச்சு, ரெகுலேட்டர் ரெண்டு,
அந்தப் பக்கத்து பேட்டரி மூணு…"

அந்தப் பக்கத்து பேட்டரி மூணு.
மூச்சுவிடாமல் சொன்னதில் அது மட்டும்
மீன்முள் மாதிரி என் தொண்டையில் நின்றது.

பட்டாள வண்டியில் வயருக்கும் கவசம் உண்டு.
ரேடியோவில் இரைச்சல் ஏறாதிருக்க
கம்பிப் பின்னலுக்குள் ஓடும்.
எது எங்கே போகிறதென்று நிறம் சொல்லாது,
முனையில் கட்டிய தகரத்து எண் சொல்லும்.
அதன்மேல் மூன்று தரம் பச்சை அடித்திருந்தார்கள்.
அதனால் அதுவும் சொல்லாது.

பெல்ட்டைக் கட்டைவிரலால் அமுக்கினேன். அரை இஞ்ச். சரி.
எர்த் பட்டையைக் கழற்றி, பெயிண்டைச் சுரண்டி, முறுக்கினேன். சரி.
சரிவில் உருட்டி ஸ்டார்ட் பண்ணினோம்
(உருட்டியது மாசானமும் டீக்கடைப் பையனும்).
டைனமோ முனையில் இருபத்தெட்டரை.
பேட்டரி ரெண்டையும் சேர்த்து
முனைக்கு முனை வைத்தால் இருபத்தெட்டே கால்.

இங்கேதான் முந்தி பார்த்தவர்கள் எல்லோரும்
மீட்டரை மடக்கியிருப்பார்கள்.
கூட்டுத்தொகை சரி.
கூட்டுத்தொகை எப்பவும் சரியாகத்தான் இருக்கும்.

நான் ஊசியை நடுவில் வைத்தேன்,
ஒன்றையும் மற்றதையும் கோக்கிற அந்தச் சின்னப் பாலத்தில்.
இடதில் பதினாறு.
வலதில் பன்னிரண்டே கால்.

இடது கொதிக்கிறது. மூடியைத் திறந்தால் உலைச் சத்தம்,
கந்தக நெடி, தண்ணீர் வற்றித் தகடு வெளியே தெரிகிறது.
வலது பட்டினி.
ஒரே கரண்ட்தான் ரெண்டுக்குள்ளும் போகிறது.
போகிற வழி ஒன்று.
எடுக்கிற வழி?

சீட்டுக்கடியில் பாயைத் தூக்கினேன்.
சிவப்பு வயர். பட்டாளத்துது இல்லை,
வள்ளியூர் பஜாரில் மீட்டர் பன்னிரண்டு ரூபாய்.
அதே நடுப்பாலத்தில் முறுக்கி, டேப் ஒட்டி,
பாட்டுப்பெட்டிக்கு, போன் சார்ஜருக்கு, ஏர் ஹாரனுக்கு,
டேஷ்போர்டு மாதா படத்துக்குக் கீழே
விடிய விடிய எரிகிற நீல லைட்டுக்கு.
எல்லாம் பன்னிரண்டு வோல்ட் சாமான்.
எல்லாம் வலதிலிருந்தே.

"அது சின்னக் கரண்ட்லா" என்றார் தேவநேசன்.
சின்னதுதான் அண்ணே.
தூங்கும்போதும் எடுக்கிற சின்னது.

கத்தரித்தேன். நீலம் அணைந்தது.
கன்வெர்ட்டர் ஒன்று போட்டேன்,
இருபத்து நாலில் மொத்தமாய்க் கைவைத்துப்
பன்னிரண்டாய்த் தரும், ஆள் பார்க்காது.
பேட்டரி ரெண்டையும் பிரித்துத்
தனித்தனியாய்ச் சார்ஜில் வைத்தேன்.
இடதுக்கு டிஸ்டில்டு வாட்டர் இரண்டு பாட்டில் பிடித்தது.
மீளுமா தெரியாது. வலது மெல்ல ஏறியது.

மறுநாள் சாயங்காலம் பதிமூன்றே முக்கால், பதிமூன்றே முக்கால்.
எழுதிக் காட்டினேன்.
தேவநேசன் தாளைப் பார்க்காமல் ஏறி உட்கார்ந்தார்.
"பில்லு எவ்வளவுனாலும் பாதிப் பாதிதான், கணக்குல எழுதிக்கிடலாம்."
மாசானம் மடியவிழ்த்து நோட்டுகளை எண்ணினார்.
எச்சில் தொட்டு, இரண்டு தரம்.

அந்த மூன்று பேட்டரிக்கும் யார் கொடுத்தது என்று
நான் கேட்கவில்லை.
வண்டி ஒரே உதையில் கிளம்பிவிட்டது.
மீட்டரை இன்னும் மடக்காமல்
நின்றுகொண்டிருந்தேன்.